அனகி அடுப்பின் பின்கண்

போன வாரம் எங்கள் மூன்றாவது அனகி மண் அடுப்பைப் பதித்து, மண் பூசி, கை கழுவிக்கொண்டு நிற்கும்போது பண்டாரவளை மதினி போன் எடுத்தார். "அந்த அனகி அடுப்பு இன்னும் பாவிக்கிறீங்களா? நாங்களும் ஒன்று வாங்கலாமா?" என்றார். போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதல் அடுப்பை, இலங்கையில் கேஸ் தட்டுப்பாடு வந்த 2022இல் வாங்கினோம். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய். அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் கிடைக்கவில்லை. ஹட்டனில் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வரிசையில் நின்று வெறும் சிலிண்டரோடு திரும்பினார். கரண்ட் வெட்டில் ரைஸ் குக்கரும் சும்மா கிடந்தது. வேறு வழியில்லாமல்தான் மண் அடுப்புக்கு வந்தோம்.

அடுப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு வாயில் விறகு, மேலே இரண்டு கண். நம் பாட்டிமாரின் கொடியடுப்பு மாதிரிதான். நான் சொல்ல வந்தது அந்தப் பின்கண்ணைப் பற்றி.

பின்கண்ணில் எதுவும் கொதிக்காது. முன்கண்ணில் சோறு பொங்கி வடித்தாகிவிடும், பின்னால் பருப்பு அப்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும். அப்புறம் சட்டிகளை இடம் மாற்ற வேண்டும். காலை ஆறரைக்குப் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்டு நானும் பள்ளிக்கு ஓட வேண்டிய வீட்டில், கைத்துணியோடு சட்டி மாற்றுகிற வேலை எவ்வளவு எரிச்சல் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சரி, அதைச் சும்மா விடலாம் என்றால் அதுவும் முடியாது. சட்டி இல்லாவிட்டால் சூடு முழுக்க அந்த ஓட்டை வழியாகப் போய்விடும், முன்சட்டியும் வேகாது.

முதல் மூன்று மாதம் இதனால் தினமும் கோபம். ஒருநாள் மாமி எதுவும் பேசாமல் பெரிய அலுமினியப் பானை நிறையத் தண்ணீர் பிடித்துப் பின்கண்ணில் தூக்கி வைத்தார். சமையல் முடிந்தபோது நான்கு பேர் முகம் கழுவி, சின்னவன் குளிக்கவும் போதுமான சுடுதண்ணீர். மார்கழிக் குளிரில் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீரைத் தொட்டவர்களுக்கு அதன் அருமை புரியும். அதற்கென்று ஒரு குச்சி விறகுகூட அதிகம் எரியவில்லை. அன்றிலிருந்து பின்கண்ணில் நான் கறி வைப்பதேயில்லை.

விறகுக்கும் காசில்லை. மாமியின் தோட்டத்தில் தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டும்போது (செடிகளை நறுக்கிவிடும்போது) விழும் குச்சிகளை, அதாவது மிலாறைக் கட்டிக் கொண்டுவந்து காயவைக்கிறோம். அந்தச் சின்ன வாய்க்குத் தேயிலை மிலாறுதான் அளவு. முன்பு நாற்பது நாளில் முடிந்த சிலிண்டர் இப்போது மூன்று மாதம் தாண்டுகிறது. சாம்பல் கீரைப் பாத்திக்குப் போகிறது.

ஆனால் இந்த அடுப்புக்குப் புகைபோக்கி கிடையாது. மே மாதம் மழை பிடித்தால் ஆகஸ்ட் வரை மிலாறு சரியாகக் காயாது. ஈர விறகில் புகை பின்சட்டியைச் சுற்றிக் கிளம்பிக் கூரையில் தங்கிவிடும். இந்த வருடம் மாமிக்கு இருமல் நிற்கவேயில்லை. மழைநாளில் கேஸ்தான் என்று இப்போது சட்டமே போட்டுவிட்டேன்.

முதல் அடுப்பு சுற்றிலும் செம்மண்ணும் சாணியும் பூசியிருந்ததால் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக உழைத்தது. இரண்டாவதை வாங்கிய கடையில் நல்ல சாமான் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏழே மாதத்தில் வாய்ப்பக்கம் பிளந்து கையோடு வந்துவிட்டது. உடைந்த இடத்தைப் பார்த்தால் உள்ளே கறுப்பு, சூளையில் சரியாக வேகாத மண். கேட்கப் போனால் நாங்கள் விறகை இடித்துத் தள்ளினோமாம்.

ஆகவே மதினி, உங்களுக்கு என் பதில், வாங்க வேண்டாம். உங்கள் குசினியில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல், கைக்குழந்தை வேறு. சுடுதண்ணீருக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையைப் புகையில் வைக்க வேண்டாம். வெளியே கூரை இறக்கி அடுப்படி கட்டுவதாக அண்ணன் சொன்னாரே, அது முடிந்த பிறகு யோசியுங்கள். அப்போதும் கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்காதீர்கள். அடுப்பை ஒரு கையில் தூக்கி விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ணங்கென்று கேட்டால் வெந்த மண். டொக்கென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.