லோகோ வரைய இங்க்ஸ்கேப் போதுமா?

தொழிலாக இல்லாமல், தெரிந்தவர் கடைக்கோ ஊர் கிரிக்கெட் டீமுக்கோ ஒரு லோகோ போட்டுத் தரத்தான் வேண்டும் என்றால், அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டருக்கு மாதாமாதம் சந்தா கட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளே போதும், காசே கிடையாது. 2003-ல் சோடிபோடி என்ற பழைய வரைகலை மென்பொருளிலிருந்து பிரிந்து வந்த இதற்கு 1.0 பதிப்பு வரவே 2020 ஆகிவிட்டது. அதற்கு முன் பார்த்து வெறுத்துப் போனவர்கள் இப்போது இன்னொரு தடவை திறந்து பார்க்கலாம். 1.3 பதிப்பில் வந்த ஷேப் பில்டர் என்ற கருவி அருமை. வட்டம், சதுரம் என நாலைந்து உருவங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, வேண்டிய துண்டுகளை மவுஸால் இழுத்துச் சேர்த்து, மிச்சத்தைக் கழித்துவிடலாம், புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் பென் டூலில் வளைவு பிடிக்கக் கை வராதவர்களுக்கு இதுதான் வழி.

எனக்கு முக்கியம் தமிழ் எழுத்து. யூனிகோடில் நேராகத் தட்டினால் கொம்பும் காலும் இங்க்ஸ்கேப்பில் சரியான இடத்தில் உட்காருகின்றன. இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்புக்குள் போய், எழுத்துகளைக் கோத்து அடுக்கும் கம்போசரை மாற்றாவிட்டால் 'கொ' உடைந்து நிற்கும். அஃபினிட்டி என்ற இன்னொரு வரைகலை மென்பொருள் 2025 அக்டோபரில் இலவசமாகிவிட்டது, பார்க்கவும் அழகு, ஆனால் அதன் 2-ஆம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டவில்லை என்பதால், இறக்கியதும் முதலில் 'கொ' அடித்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். ரெடிமேட் டிசைன்கள் தரும் கேன்வாவா? அதே டெம்ப்ளேட் பக்கத்துத் தெருக் கடையிலும் தொங்கும், அப்புறம் உங்கள் இஷ்டம்.

குறை இல்லாமல் இல்லை. ஜேபிஜி படத்தை ட்ரேஸ் செய்தால், அதாவது தானாகக் கோடுகளாக மாற்றினால், கோடு முழுக்க எறும்புப் புற்று மாதிரி நோடுகள் (கோட்டின் வளைவைப் பிடித்திருக்கும் புள்ளிகள்) மொய்க்கும். கண்ட்ரோல்+எல் அடித்துக் குறைக்கலாம், கூடவே மூலைகளும் மழுங்கிவிடும். எளிய உருவமென்றால் புதிதாக வரைவதே மேல். பெரிய தலைவலி நிறம்தான். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறக்கலவையில் (சிவப்பு, பச்சை, நீலம்) வேலை செய்கிறது, அச்சுக்கு வேண்டியது நாலு மை கலக்கும் சிஎம்ஒய்கே, அதனால் திரையில் பளிச்சென்று தெரிந்த பச்சை விசிட்டிங் கார்டில் மங்கி வரும்.

நம் ஊர் பிரஸ்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் ராஜ்ஜியம். எழுத்தை எல்லாம் ஷிஃப்ட்+கண்ட்ரோல்+சி போட்டு பாத்தாக, அதாவது வெறும் வரைகோடாக, மாற்றி பிடிஎஃபாகக் கொடுத்துவிட்டால் ஃபாண்ட் இல்லை என்ற பேச்சே வராது. மாற்றாத கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பாத்தாக்கிய பிறகு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் திருத்த முடியாது.