ராயபுரம் உப்புக்காற்றில் ஒரு நியூட்ரான் டிடெக்டர்

எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஈஜே-309 என்ற திரவ சிண்டிலேட்டரை, அதாவது கதிர்வீச்சு பட்டால் ஒளிரும் திரவத்தை, தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இயற்பியல் அல்ல, வெயில். இதன் மூத்த உறவான ஈஜே-301 சைலீன் அடிப்படையிலானது. ஒரு பொறி பட்டால் 26 டிகிரி செல்சியஸிலேயே அதன் ஆவி தீப்பற்றும். ராயபுரத்தில் மார்கழி விடியற்காலையை விட்டால் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஈஜே-309க்கு அந்த வரம்பு 144 டிகிரி. நியூட்ரானோடு கலந்து வரும் காமா கதிரையும் நியூட்ரானையும் பிரித்தறிவதில் 301 கொஞ்சம் கெட்டிக்காரன்தான். ஆனால் மாணவர்கள் புழங்கும் அறையில் நிம்மதிதான் பெரிது.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது திரவத்திலுள்ள ஹைட்ரஜனின் புரோட்டானை இடித்துத் தள்ள, அந்தப் புரோட்டான் ஓடும் வழியில் பிறக்கும் ஒளியைத்தான் நாம் எண்ணுகிறோம். அதாவது நியூட்ரான்-புரோட்டான் சிதறலே இங்கே அளவுகோலும் ஆகிறது, அளக்கப்படும் பொருளும் ஆகிறது. காமா தரும் துடிப்பு சட்டென்று அடங்கும், புரோட்டான் துடிப்புக்கு வால் நீளம். நியூட்ரான்களை உமிழும் அமெரிசியம்-பெரிலியம் மூலத்தை வைத்து ஒவ்வொரு துடிப்பின் வால் பரப்பையும் மொத்தப் பரப்பையும் வரைந்தால் இரண்டு பட்டைகள் அழகாகப் பிரியும். சின்னத் துடிப்புகளில் மட்டும் இரண்டும் குழம்பும். அந்தப் பகுதியை நான் வெட்டி எறிந்துவிடுவேன்.

ஏமாற்றம் வருவது ஆற்றல் நிறமாலையில். சுமார் 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் ஆற்றலின் அலகு) வரை, நிறை மையச் சட்டத்தில், அதாவது மோதும் இரண்டு துகள்களின் பொது நிறை மையத்தோடு நகர்ந்து பார்த்தால், இந்தச் சிதறல் எல்லாத் திசையிலும் ஏறக்குறையச் சமம். ஆகவே ஒரே ஆற்றலுள்ள நியூட்ரான்கள் வந்தால், பின்னுதைபடும் புரோட்டானின் ஆற்றல் பூஜ்யத்திலிருந்து நியூட்ரானின் முழு ஆற்றல் வரை ஒரு செவ்வகமாகப் பரவ வேண்டும். திரையில் அந்தச் செவ்வகம் வராது. ஒளி ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இல்லை: 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் தரும் ஒளி, அதே ஆற்றலுள்ள எலக்ட்ரான் தருவதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. போதாக்குறைக்குக் கார்பனில் மோதியவை, இரண்டு முறை மோதியவை. திருத்தம் போடாமல் பார்த்தால் செவ்வகம் சரிந்த கூரையாகத்தான் தெரியும்.

குறுக்குப்பரப்பு (நியூட்ரான் மோதும் வாய்ப்பின் அளவு) வேண்டுமென்றால், நடுவில் வைத்த கட்டையைத் தாண்டி எத்தனை நியூட்ரான் வருகிறது என்று எண்ணும் கடத்தல் முறையைத்தான் நான் சொல்வேன். மூலத்துக்கும் டிடெக்டருக்கும் நடுவே ஒரு முறை பாலிஎத்திலீன் கட்டை, இன்னொரு முறை அதே அளவு கார்பன் அணுக்கள் வருமாறு கிராஃபைட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஹைட்ரஜனுடையது. பழைய கட்டடத்தின் தடித்த சுவரில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களைக் கழிக்க, நேர்ப்பாதையை நீண்ட பாரபின் கட்டையால் மறைத்து இன்னொரு அளவீடும் வேண்டும். மூலத்திலிருந்து 11 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை எல்லா ஆற்றலும் கலந்து வருவதால் கிடைப்பது ஒரு சராசரிதான். மெதுவான நியூட்ரானுக்கு 20 பார்ன் (குறுக்குப்பரப்பின் அலகு), 14 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் 0.7 பார்ன் என்ற பெரிய சரிவை இதில் பார்க்க முடியாது. அதற்குத் துகள் முடுக்கி வேண்டும்.

பராமரிப்பு என்றால் எதிரி கடல்தான். கேபிள் முனைகளில் பச்சை பூக்கும், ஈரப்பதத்தால் மின்கசிவு வரும். ஆய்வக உதவியாளர் காசிமேட்டுக்காரர். காற்றைப் பார்த்தே "சார், இன்னிக்கு ஹை வோல்டேஜ் வேணாம்" என்பார், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். திரவத்தின் சிறு ஒளியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயில் மின்னழுத்தம் 1 விழுக்காடு நகர்ந்தால் பெருக்கம் 7 விழுக்காடு அளவுக்கு நகரும். எங்களுக்கு முதலில் வந்த மின்வழங்கி (நிறுவனம் எது என்று கேட்காதீர்கள்) மதியச் சூட்டில் மெல்ல நழுவும். அதனால் தினமும் சீசியம்-137 வைத்து 477 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காம்ப்டன் விளிம்பை, அதாவது அதன் காமா சிதறும்போது எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய உச்ச ஆற்றலை, சரிபார்த்த பிறகே வேலை. திரவக் கலம் மட்டும் இதுவரை தொந்தரவே தரவில்லை. முத்திரை உடையாமல் இருந்தால் போதும். ஆக்சிஜன் உள்ளே புகுந்தால் ஒளியும் குறையும், பிரிப்பும் கெடும்.

வாங்க நினைக்கும் கல்லூரிகளுக்கு ஒன்று: டிடெக்டருக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால், நியூட்ரான் மூலத்துக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி வேலையைத் தொடங்கிவிடுங்கள்.