மீசோதெலியோமா: கீமோவா, இம்யூனோதெரபியா?

கடலூர்ப் பக்கம் பல வருடம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்தவருக்கு மீசோதெலியோமா (பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய்) என்றால், டாக்டர் இரண்டு வழி சொல்லலாம்: கீமோ, அல்லது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி. 2021இல் வெளியான செக்மேட் 743 ஆய்வில், கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 14.1 மாதம்; நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு 18.1. இதை அப்படியே நம்பிவிட வேண்டாம். எபிதீலியாய்டு என்ற செல் வகையில் கீமோவுக்கு 16.5, இம்யூனோதெரபிக்கு 18.7 என்று வித்தியாசம் சின்னதுதான். மற்ற வகைகளில் 8.8, 18.1! அதனால் பயாப்சி ரிப்போர்ட்டில் முதலில் செல் வகையைப் பாருங்கள்.

கீமோ என்றால் குமட்டல், ரத்தசோகை, கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, பி12 ஊசி. சில சுற்றுகளில் முடிந்துவிடும். இம்யூனோதெரபி இரண்டு வருடம் வரை போகலாம், விலையும் எக்கச்சக்கம். அதில் வயிற்றுப்போக்கு வந்தால் ‘சாப்பாடு ஒத்துக்கல’ என்று விடக்கூடாது. குடல் அழற்சியாக இருக்கலாம். கடலூரிலிருந்து ஜிப்மருக்கு பஸ்ஸில் போய்வரும் எபிதீலியாய்டு நோயாளிக்குக் கீமோ ஒன்றும் மட்டமில்லை என்பேன்.