வேப்பெண்ணெய் மருந்தும் அழுகண்ணி நாற்றுகளும்

மொட்டைமாடி மிளகாய்க்கும் செம்பருத்திக்கும் இரண்டு ஆண்டுகளாக நான் தெளித்து வரும் வேப்பெண்ணெய் மருந்து ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. அந்தச் செடிகளைப் பொறுத்தவரை எனக்கு எந்தக் குறையும் இல்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் இரண்டு தெளிப்பில் அடங்கிவிடும். ஆனால் புட்டியின் மேல் ‘எல்லா வகைச் செடிகளுக்கும் பாதுகாப்பானது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி என் டிரோசெரா கேப்பன்சிஸ் நாற்றுகளுக்கும் அதைத் தெளித்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிரோசெராவை நம் பக்கத்தில் அழுகண்ணி என்றும் சொல்வதுண்டு. இலையின் ஒவ்வொரு ரோம நுனியிலும் ஒரு பசைத்துளி நிற்கும். அதில் ஒட்டிய பூச்சியைச் செடி செரித்துக்கொள்ளும். பூச்சியைத் தின்னும் செடிக்கே பூச்சி மருந்தா என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் இன்னும் விரியாத குருத்துக்குள் பசை இருப்பதில்லை என்பதால் அசுவினி அங்கேதான் போய் உட்கார்ந்துகொள்கிறது.

விதையிலிருந்து வளர்த்த நான்கு மாத நாற்றுகள் அவை, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு, மொத்தம் 42. புட்டியில், வேம்பில் பூச்சியை அடக்கும் பொருளான அசாடிராக்டின் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) என்றும், லிட்டருக்கு 5 மி.லி. கலக்க வேண்டும் என்றும் இருந்தது. நாற்று என்பதால் பாதி அளவே எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து, வெயில் இறங்கிய பிறகு தெளித்தேன். மறுநாள் காலையில் ஒரு செடியிலும் துளி இல்லை. ரோமங்கள் நனைந்த தலைமுடி போல இலையோடு படிந்து கிடந்தன. மூன்றாம் நாள் இலை நுனிகள் பழுப்பேறின. ஒரு வாரத்தில் பல நாற்றுகள் குருத்துவரை கருகின. அதே தட்டில் இருந்த, இலைப்பொறியை மூடிப் பூச்சி பிடிக்கும் வீனஸ் ஃப்ளைட்ராப் செடியின் நாற்றுகளுக்குப் பொறியின் ஓரம் மட்டும் கறுத்தது.

குற்றம் வேம்பினுடையது மட்டும்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்காக இத்தகைய மருந்துகளில் குழம்பாக்கி சேர்க்கிறார்கள். இந்தப் புட்டியில் அது என்னவென்று எழுதவில்லை. வேறொரு தொட்டியில் இருந்த மூன்று நாற்றுகளுக்கு வேப்பெண்ணெய் இல்லாத பொட்டாசியம் சோப்புக் கரைசலை மட்டும் தெளித்துப் பார்த்தேன். அவையும் மறுநாளே துளியை இழந்தன. மூன்றே செடிகளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் செரித்த உணவை உறிஞ்சிக்கொள்வதற்கென்றே அமைந்த சுரப்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இலையும், மெழுகு பூசியது போன்ற செம்பருத்தி இலையும் ஒரே மருந்தை ஒரே விதமாகத் தாங்கும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. தவிர, உப்புச்சத்தே ஆகாத இந்தச் செடிகளின் தொட்டி எப்போதும் தண்ணீர்த் தட்டில் நிற்கிறது. மேலிருந்து வழிந்தது எதுவும் வெளியேறாமல் வேரிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே முதல் வேலையாகத் தட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சேமித்து வைத்திருந்த மழைநீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வடியவிட்டேன். மூன்று நாள் இப்படிச் செய்தேன். நேர் வெயிலிலிருந்து சன்னலோரத்துக்கு மாற்றி, ஒளி ஊடுருவும் மூடியைப் பாதி திறந்து வைத்தேன். பச்சை மிச்சமிருந்த எந்த இலையையும் வெட்டவில்லை. உரமோ உணவோ கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு நாற்றின் நடுவில் எள்ளளவு குருத்து சுருள் விரிந்தது, அதன் நுனியில் மூன்று துளிகள் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அதைப் பார்த்திருக்க முடியாது. ஆறாவது வாரத்தில் 23 நாற்றுகள் தேறியிருந்தன. மேலே முழுக்கக் கருகிய இரண்டு வேரிலிருந்து மறுபடி துளிர்த்தன. மற்ற 17 போனவைதான். பழைய இலைகளில் ஒன்றுகூடத் துளி விடவில்லை. மீட்சி முழுவதும் புதிய இலைகளில்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் அசுவினி திரும்பி வந்தது என்பதுதான் வேடிக்கை. இந்த முறை தொட்டியை அப்படியே மழைநீரில் இரண்டு நாள் மூழ்கவைத்தேன். பூச்சிகள் செத்து மிதந்தன. நான்கைந்து நாட்களில் இலைகளில் துளியும் வந்துவிட்டது.

நிறுவனத்துக்கு எழுதியபோது, இன்னும் நீர்க்கக் கலக்குங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. குழம்பாக்கி எது என்ற கேள்வியைத் தொடவே இல்லை. மிளகாய்க்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஊனுண்ணிச் செடி வளர்ப்பவர்கள் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒரே ஒரு செடியில், ஒரே ஒரு இலையில் தொட்டு வைத்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.