டெல்லி பிளாட்ல கூலர், ஏசி சத்தம்: பல வெயில் காலத்து அனுபவம்

மயூர் விஹார்ல டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டின பிளாட், ரெண்டாவது மாடி. முதல்ல தகர கூலர் (ஈரப் பட்டை வழியா காத்த இழுத்து குளுமையாக்கறது), அப்புறம் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி (கம்ப்ரசர் வேகத்த தானா கூட்டிக் கொறைக்கற வகை). குளுமையைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் சத்தத்தப் பத்தி மட்டும் சொல்றேன்.

கூலர் மே மாசம் அருமை, காத்து காய்ஞ்சு கிடக்கும்ல. ஆனா தண்ணி கொறஞ்சா பம்ப் கொர்ருனு இழுக்கும், பக்கவாட்டு கம்பி வலை கடகடன்னு ஆடும், அம்மா பழைய பனியன் துணிய மடிச்சு சொருகுவாங்க, அதவிட நல்ல ரிப்பேர் எந்த மெக்கானிக்கும் பண்ணல. ஜூலை ஈரக்காத்துல குளுமை போயிடும், சத்தம் மட்டும் இருக்கும்.

ஸ்பிளிட்ல ரூமுக்குள்ள நிம்மதி, ஏன்னா கம்ப்ரசர் வெளில மாட்டற அவுட்டோர் யூனிட்ல இருக்கு, சத்தம் அடுத்தவன் ஜன்னலுக்குப் போயிடுது. எங்களுக்கு வந்தது மேல்வீட்டுக்காரரோட இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசி சத்தம். எங்க பெட்ரூம் சுவருக்கு மேலயே அதோட அவுட்டோர் யூனிட்டத் தாங்கற ப்ராக்கெட், கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகறப்பல்லாம் கட்டில் வரைக்கும் அதிரும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு தேடினேன். 2000ல வந்த ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரை 45. ஏசின்னு பேர் போடல, ஜெனரேட்டர் ஹாரன்லாம் அடுக்கிட்டு 'மற்ற இயந்திர சாதனங்கள்'னு விட்டிருக்காங்க, அதுலதான் நம்மாளு வரணும். அளவ விட 10 டெசிபல் தாண்டினா புகார் குடுக்கலாம், அதாவது ராத்திரி 55. கூத்து என்னன்னா, சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள்ல தயாரிப்பு நிலையில விண்டோ ஏசிக்கு 68, கூலருக்கு 60 வரைக்கும் அனுமதி! தூரம் போனா கொறையும்தான், ஆனா எங்க சந்துல எதிர்சுவர்ல மோதி திரும்பி வருது. அதோட 45ங்கறது சராசரி, நடுராத்திரி ஒரு 'தட்' அந்த கணக்குல காணாமப்போயிடும், நம்ம தூக்கம் மட்டும் போகும்.

அதனால புகார் பக்கமே போகல. "அங்கிள், ஒரு தடவ எங்க ரூம்ல வந்து படுத்துப் பாருங்க"ன்னேன், வந்தார், கேட்டார், மறுவாரமே ப்ராக்கெட்டுக்கு அடில ரப்பர் பேட் போட்டு லூஸ் போல்ட்டையும் முறுக்கிட்டாங்க. அதிர்வு முக்கால்வாசி போச்சு, ஃபேன் ஹூம்னு ஓடறது இருக்கு, அதோட தூங்கலாம்.

எங்க ஏசிய ராத்திரி 26 டிகிரில வைக்கறோம், ரூம் குளுந்ததும் கம்ப்ரசர் மெதுவாயிடுது. புதுசா வாங்கறவங்க அவுட்டோர் யூனிட் எத்தன டெசிபல்னு தனியா கேளுங்க, ஷோரூம்ல 'சைலன்ட்'னு காட்டற நம்பர் பெரும்பாலும் இன்டோரோடது.