வரைபடத்தாளுடன் ஆறு ஆண்டுகள்

மாலை வகுப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். ஆறு ஆண்டுகளாக, மில்லிமீட்டர் கட்டம் போட்ட வரைபடத்தாளைக் கட்டாக வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். இடையில் ஓராண்டு அதை ஒதுக்கிவிட்டு, மடிக்கணினியில் விரிதாள் மென்பொருளுக்கு மாறினேன். ஒரு மின்கட்டணக் கணக்குதான் என்னை மீண்டும் தாளுக்குத் திருப்பியது.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் மாறியதும் அதையே பாடமாக்கினேன். அப்போதைய விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500க்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட்டுக்கு ரூ.2.25, அதன்பின் 200க்கு ரூ.4.50, கடைசி 100க்கு ரூ.6. ஆக, 500 யூனிட்டுக்கு ரூ.1,725. அதைத் தாண்டினால் ரூ.2.25 என்ற சலுகையே கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதும் ரூ.4.50, 401 முதல் 500 வரை அதே ரூ.6, 501 முதல் 600 வரை ரூ.8. அதனால் 501 யூனிட்டுக்கு ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

நூறு நூறாக 600 வரை தொகையைக் கண்டுபிடித்து, கோட்டு வரைபடம் கேட்டேன். மென்பொருள் நொடியில் வரைந்தது. அதைப் பார்த்து 550 யூனிட்டுக்குச் சுமார் ரூ.2,240 என்றார்கள் பிள்ளைகள். உண்மையில் ரூ.2,350. யாருக்கும் ஐயம் எழவில்லை, எனக்கும்தான்.

அடுத்த ஆண்டு அதே கணக்கைத் தாளில் கொடுத்தேன். ஒரு சென்டிமீட்டருக்கு 200 ரூபாய் என்று அளவுத்திட்டம். ஒரு சிறுமி பென்சிலோடு எழுந்து வந்தாள். "டீச்சர், யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்றால் நூறு யூனிட்டுக்கு நாலு சென்டிமீட்டர்தானே ஏற வேண்டும்? இங்கே அஞ்சைத் தாண்டிவிட்டதே?" கட்டத்தை விரலால் எண்ணியவளுக்குத்தான், சலுகை போனதால் ஏறிய அந்தக் கூடுதல் 225 ரூபாய் கண்ணில் பட்டது. 500இல் கோட்டை நிறுத்தி, சற்று மேலே மறுபடி தொடங்கினோம்.

எந்தப் படம் என்று முடிவு செய்வதும் தாளில்தான் பழகியது. ஒரு வீட்டின் ஓராண்டு மின்கணக்கெடுப்புகள் ஆறையும் வட்ட விளக்கப்படமாக வரையலாம், தவறில்லை. ஆனால் கோடையில் பயன்பாடு ஏறியது அதில் தெரியாது. அதற்குக் கோட்டு வரைபடம் வேண்டும். நான்கு வீடுகளை ஒப்பிட, இடைவெளி விட்ட பட்டைகள். தெருவில் நாற்பது வீடுகளை 1–100 யூனிட், 101–200 யூனிட் என்று பிரித்தால் நிகழ்வுச் செவ்வகம் (ஹிஸ்டோகிராம்). அங்கே பட்டைகள் ஒட்டி நிற்க வேண்டும் என்பதால் எல்லைகளை 0.5–100.5 என்று முதலில் திருத்த வேண்டும். மென்பொருளில் பொத்தானை அழுத்தியவர்கள் இந்தத் திருத்தத்தை மறந்தே போனார்கள்.

குறைகளும் உண்டு. மலிவான தாளில் கட்டக் கோடுகள் அடர்த்தியாக அச்சாகி, பென்சில் புள்ளி மறைந்துவிடுகிறது. இருமுறை அழித்தால் கிழிகிறது. வெளிர்பச்சைக் கோடு, தடித்த தாள் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு படத்துக்கு அரைமணி நேரம் போய்விடும். தரவு நூறைத் தாண்டினால் நானும் மடிக்கணினியைத்தான் திறக்கிறேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபட வினாவுக்கு 8 மதிப்பெண், அதையும் கையால்தான் வரைய வேண்டும்.

இப்போதெல்லாம் அட்டவணை கொடுக்கும்போது 500க்குக் கீழே 501 என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.