சோலார் பேனல் தாங்கும் ரயில்களுக்குக் கறுப்புப் பூச்சு: ஐந்தாண்டு அனுபவம்

நாகர்கோவிலை அடுத்த எங்கள் வீட்டுக் கூரையில் 2020 ஜனவரியில் 3 கிலோவாட் சோலார் அமைத்தோம். 330 வாட் பேனல்கள் ஒன்பதும் கறுப்புச் சட்டத்துடன் வந்தன. அவற்றைத் தாங்கும் ரயில்கள் எனப்படும் நீண்ட அலுமினியக் கம்பிகளும் எல் வடிவத் தாங்கிகளும் மட்டும் பூச்சில்லாத வெள்ளி நிறத்தில் இருந்தன. சிவப்பு ஓடு பதித்த சாய்வுக் கூரை தெருவைப் பார்த்து நிற்பதால், ரயில்கள் வெயிலில் எதிர்வீட்டுத் திண்ணை வரை பளிச்சிடும் என்பது பொருத்துவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டுப் பொருத்தலாம் என்றேன். அது கண்ணுக்கு மட்டுந்தான், மின் உற்பத்தி ஒன்றும் கூடிவிடாது என்று பொருத்துபவர் சிரித்தார். கூடிவிடாதுதான், ஆனால் கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த்திங்கைக் கெடுக்கக்கூடும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அலுமினியம் காற்றுப்பட்டவுடன் தன்மேல் தானே மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்வதால், இரும்பைப் போலத் துருவுக்கு அஞ்சி அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஆகவே கீழே சொல்வது அழகுக்காகச் செய்த வேலையின் கணக்கு.

ரயில்களை அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் பவுடர் கோட்டிங் செய்தேன். எண்ணெய்ப்பசை நீக்கி, மருந்துக் குளியல் கொடுத்து, பவுடரை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் அடுப்பில் உருக்குகிறார்கள். எப்பாக்சி பவுடர் வெயிலில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெளுத்துவிடும் என்பதால் பாலியெஸ்டர் பவுடர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், அதில் தவறவில்லை. பேனலின் நிழலில் இருக்கும் பகுதி இன்றும் புதிதாகவே இருக்கிறது. வெயில் படும் நுனிகள் மட்டும் பளபளப்பு குறைந்து, விரலால் தேய்த்தால் லேசாகச் சாம்பல் ஒட்டும் நிலைக்கு வந்துள்ளன.

தவறியது வேறிடத்தில். கூரையில் ஏற்றிய பிறகு ரயில் ஒரு சாண் நீளமாக இருக்கிறது என்று அங்கேயே வெட்டினார்கள். சில துளைகளையும் அங்கேயே போட்டார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. கடலும் சில கிலோமீட்டரில் இருக்கிறது. பூச்சற்ற அந்த வெட்டு முனைகளில் உப்பீரம் புகுந்து, மூன்றாம் ஆண்டில் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல நெளிநெளியாகக் கோடுகள் கிளம்பின. வெட்டுவதையும் துளைப்பதையும் முடித்துவிட்டுத்தான் பட்டறைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டாம் ஆண்டுப் பராமரிப்பில் வெளிப்பட்டது. பேனல் சட்டத்துக்கும் ரயிலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், மின்தொடர்பு இருப்பதைக் காட்ட எழ வேண்டிய பீப் ஒலி எழவில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்கும் எர்த்திங் தகட்டின் பற்கள், அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் வளர்க்கும் ஆக்சைடான அனோடைஸ் படலத்தைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்கும்படி செய்யப்பட்டவை. அந்தப் படலம் வழக்கமாக 10 முதல் 15 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பவுடர் கோட்டிங்கோ 60 முதல் 80 மைக்ரான் கனமுள்ள, மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் தோல். பற்கள் அதில் பாதியிலேயே நின்றுவிட்டன. ஒன்பது பேனல்களின் சட்டங்களும் எர்த்திங் இல்லாமலேயே இரண்டு ஆண்டு வெயிலிலும் இடியிலும் இருந்திருக்கின்றன என்பதை எண்ணினால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனல்களை ரயிலோடு பிடித்திருக்கும் 22 கிளாம்புகளையும் கழற்றி, தகடு உட்காரும் இடத்தில் மட்டும் பூச்சை உலோகம் தெரியும்வரை சுரண்டி, ஆக்சைடு தடுப்புப் பசை தடவித் திரும்ப முடுக்க, இரண்டு ஆட்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

கழற்றும்போது இன்னொன்றும் தெரிந்தது. தொடக்கத்தில் முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனரான டார்க் ரென்ச் வைத்து அளவோடு முடுக்கிய போல்ட்டுகளில் ஏழு தளர்ந்திருந்தன. அழுத்தத்தில் பூச்சு மெல்ல மெல்ல நசுங்கி மெலிவதால் போல்ட்டின் பிடி குறைந்துவிடுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடிக்காற்று எப்படி வீசும் என்பது காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காற்றில் தளர்ந்த கிளாம்பு அழகுப் பிரச்சினையாக நின்றுவிடாது.

எல் தாங்கிகளுக்கு நானே ஸ்பிரே டப்பாவில் கறுப்பு அடித்தேன். உலோகத்தில் பெயின்ட் பிடிக்கும்படி முதலில் அடிக்கும் எட்ச் பிரைமர் பாதியில் தீர்ந்துபோக, சோம்பலினால் மீதித் தாங்கிகளை உப்புத்தாள் தேய்த்ததோடு விட்டு நேரடியாகப் பெயின்ட் அடித்தேன். பிரைமர் இல்லாதவை முதல் மழைக்காலத்திலேயே பாம்புச் சட்டைபோல உரிந்தன. பிரைமர் கண்டவை ஆங்காங்கே கீறலுடன் இன்றும் நிற்கின்றன.

கிளாம்புகளை மட்டும் கறுப்பு அனோடைஸ் செய்யப்பட்டவையாகவே வாங்கியிருந்தேன். விலை சற்றுக் கூடுதல். சாயம் வெயிலில் வெளுத்துக் கத்தரிப்பூ கலந்த பழுப்பாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அனோடைஸ் படலம் உலோகத்திலிருந்தே வளர்வதால் உரிவதற்கு அதில் ஒன்றுமில்லை. தெருவிலிருந்து பார்த்தால் நிற வேறுபாடு எனக்கே தெரிவதில்லை. துருப்பிடிக்காத எஃகு போல்ட் தலைகளுக்குப் பெயின்ட் அடிப்பது வீண். ஸ்பேனர் ஒரு சுற்றுச் சுற்றினால் போய்விடுகிறது.

பேனல் சட்டம் கறுப்பாகவே வந்ததால் அதைத் தொட நேரவில்லை. வெள்ளிச் சட்டம் உடையவர்களும் தொட வேண்டாம் என்பேன். உத்தரவாதம் கெடக்கூடும், நீர் வடியும் சிறு துளைகள் அடைபடலாம், ஸ்பிரே கண்ணாடியில் தெறித்தால் மின் உற்பத்தியும் குறையும்.

இன்று புதிதாக அமைப்பதானால் ரயிலையும் கறுப்பு அனோடைஸ் செய்ததாகவே கேட்பேன். கிடைக்காவிட்டால் வெள்ளி ரயிலையே போட்டு, நுனிகளில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி மாட்டிவிடுவேன். பேனல் ஏறிய பிறகு தெருவுக்குத் தெரிவது அந்த நுனிகள்தாம் என்பதைப் பார்க்காமல், ரயில் முழுவதையும் அடுப்புக்கு அனுப்பிவிட்டேன். வரும் ஜூன் காற்றுக்கு முன் புழுத்தடம் விழுந்த நுனிகளைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அந்த மூடிகளை மாட்டப்போகிறேன். அப்போது மல்டிமீட்டரும் டார்க் ரென்ச்சும் கூரைக்கு உடன் வரும்.